ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை – பெற்றோருக்கு ஒரு பாடம்



இந்த முறை பாடம் பிள்ளைகளின் சுகத்தைப் பற்றியதுதான். ஆனால் காய்ச்சல், வயிற்றோட்டம், சிரங்கு போல கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய சுகவீனம் இல்லை. லயங்களுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "ஐயா, இவன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்குறான். சொன்னா கேக்குறதில்ல. அடிச்சும் பாத்தாச்சு, கோடாங்கியையும் பாத்தாச்சு." பாடசாலையில் கேட்டால் ஆசிரியரும் அதையேதான் சொல்லுவார். எழுதத் தொடங்கினால் பாதியில் எழும்பிப் போய்விடுவான், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை எடுப்பான், கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவான், கொப்பியைத் தொலைப்பான், சப்பாத்தைத் தொலைப்பான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பேர்கள் பல: வாலு, அடங்காப்பிடாரி, சனியன், மூளை கெட்டவன். வைத்தியர்கள் வைத்திருக்கும் பேர் அவதானக் குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு. இங்கிலீஷ் எழுத்தில் சுருக்கி ஏ.டி.எச்.டி. என்பார்கள். புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற பிள்ளை வைத்தியர் இப்படியான பிள்ளைகளைப் பற்றி மற்ற வைத்தியர்களுக்கு விரிவுரை செய்திருக்கிறார். பல நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருக்கிறது. அப்படியானால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் இருக்கலாம். நம் தோட்டத்துக்கு மட்டும் வந்த சாபம் இல்லை.

இதை ஏன் பெரிதாக எழுதுகிறேன் என்றால், இப்படிப்பட்ட பிள்ளைதான் முதலில் பாடசாலையை விட்டு நிற்கிறது. ஐந்தாம் ஆண்டு வரை அடி வாங்கி, எட்டாம் ஆண்டில் வகுப்புக்கு வெளியே நின்று, பிறகு "படிப்பு ஏறல, கொழும்புக் கடைக்கு அனுப்பிருவோம்" என்று முடிகிறது. 2016 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். 2021இல் வேலைக்குச் சேர்க்கும் வயதையும் 14இலிருந்து 16 ஆக உயர்த்திவிட்டார்கள். சட்டம் இருந்தும் 14 வயதுப் பிள்ளை பஸ் ஏறுகிறது. அது படிக்க முடியாத பிள்ளை என்று நாம் முடிவுகட்டியதுதான் காரணம். அந்த முடிவு சரியா என்று ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

உள்ளே என்ன நடக்கிறது?

கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு இது சுலபமாக விளங்கும். மரத்தில் எத்தனையோ இலை இருக்கிறது. உங்கள் கை இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும் எடுக்கிறது. முற்றிய இலையை விட்டுவிடுகிறது. எடுப்பதைப் போலவே விடுவதும் ஒரு வேலை. கவனம் என்பதும் அப்படித்தான். ஆசிரியர் பேசும்போது வெளியே நாய் குரைக்கிறது, பக்கத்தில் ஒருவன் தும்முகிறான், கூரைத் தகரத்தில் மழை விழுகிறது. மற்றப் பிள்ளை இதையெல்லாம் விட்டுவிட்டு ஆசிரியரின் குரலை மட்டும் எடுக்கிறது. இந்தப் பிள்ளையால் எதையும் விட முடிவதில்லை. கூடை நிறையத்தான் இருக்கிறது, ஆனால் முற்றியதும் குச்சியும் கலந்து கிடக்கிறது.

மூளையின் முன்பக்கம்தான் இந்தப் பொறுக்கும் வேலையைச் செய்கிறது. செய்ய நினைப்பதைச் சற்று நிறுத்தி யோசிக்க வைப்பதும் அதே இடம்தான். அங்கே டோபமின் போன்ற இரசாயனங்கள் வேலை செய்யும் விதத்தில் வித்தியாசம் இருக்கிறது. 2007இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களின் மூளை மேற்பட்டை முதிர்வது மற்றவர்களைவிட ஏறத்தாழ 3 வருடம் பிந்தியிருந்தது. முதிராமல் இல்லை, பிந்தி முதிர்கிறது. ஆகையால் 10 வயதுப் பையன் அடக்கத்தில் 7 வயதுப் பையன் மாதிரி நடந்தால், அவனை 7 வயதுக்காரனாக நினைத்துத்தான் வேலை சொல்ல வேண்டும். புத்தி வேறு, அடக்கம் வேறு. கணக்கில் கெட்டிக்காரனாக இருந்துகொண்டே கொப்பியைத் தொலைக்கிற பிள்ளைகள் உண்டு.

இது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. தகப்பன்மார் சிலர் இதைக் கேட்டதும் "நானும் சின்னதில அப்படித்தாங்க" என்று சிரிப்பார்கள். அது சரியாகவே இருக்கலாம். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கும், பிறப்பு நிறை மிகக் குறைந்த பிள்ளைக்கும் வாய்ப்புக் கொஞ்சம் கூட. மற்ற இடங்களைவிட தோட்டப் பகுதியில் நிறை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பதால் நாம் இதைக் கவனிக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாராயம் குடித்தால் பிள்ளையின் மூளை பாதிக்கப்படும். வெற்றிலையோடு புகையிலை போடுவது பிள்ளையின் நிறையைக் குறைக்கும். தாய் பால் சரியாகக் கொடுக்கவில்லை, பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்தாள், சீனி கூடத் தின்றான் என்பதெல்லாம் காரணம் இல்லை. இதற்காக மருமகளைத் திட்டும் மாமியார்மார் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

துடிக்காத பிள்ளையும் உண்டு

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பிள்ளையும் ஓடித் திரிவதில்லை. சில பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், மூலையில் பேசாமல் உட்கார்ந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. கடையில் மூன்று சாமான் வாங்கச் சொன்னால் ஒன்றோடு வருவாள். "மந்தம்" என்று பேர் வைத்து, தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நிறுத்திவிடுகிறோம். இவளுக்கும் அதே குறைபாடு இருக்கலாம். துடிப்பு இல்லாமல் அவதானக் குறைவு மட்டும்.

முடிவுகட்ட முன் பார்க்க வேண்டியவை

துடியாட்டம் உள்ள பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. பிள்ளை இல்லை. 4 வயதுப் பிள்ளை ஓடாவிட்டால்தான் நாம் யோசிக்கணும். வைத்தியர்கள் பார்க்கும் அளவு இது: 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதத்துக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும், வீட்டில் மட்டுமோ பாடசாலையில் மட்டுமோ இல்லாமல் இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், படிப்பையோ பழக்கவழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு ஆசிரியரிடம் மட்டும் குழப்படி செய்கிற பையனுக்குக் காரணம் வேறு.

முதலில் காது. காதில் சீழ் வடிந்து வடிந்து கேள்வி குறைந்த பிள்ளைகளை நான் பல லயங்களில் கண்டிருக்கிறேன். கூப்பிட்டால் திரும்பாது, நாம் திமிர் என்போம். பின்னால் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது கண். கரும்பலகை தெரியாத பிள்ளை வேறு எதையாவது பார்க்கத்தான் செய்யும். பாடசாலை வைத்தியப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். அன்றைக்குப் பிள்ளையை நிறுத்தாமல் அனுப்புங்கள்.

பிறகு இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து, எரிச்சல்பட்டு, எதிலும் மனம் நில்லாமல் இருக்கும். பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு காலம் என்று யோசித்துப் பாருங்கள். ரொட்டியோடும் சோற்றோடும் சேர்த்துத் தேத்தண்ணி கொடுப்பதையும் விடுங்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது. தேயிலை மலையில் இருந்துகொண்டு இதை எழுதுவது கஷ்டம்தான், ஆனாலும் உண்மை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுக்கலாம்.

இன்னொன்று வலிப்பு. விழுந்து உதறும் வலிப்பு மட்டும் வலிப்பு இல்லை. சில பிள்ளைகள் பேச்சின் நடுவில் சில விநாடி அப்படியே முறைத்துப் பார்த்து நிற்கும், பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். கனவு காணும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும். இந்த வலிப்பு வந்த பிள்ளை தொட்டாலும் அந்த விநாடிகளில் திரும்பாது. அப்படிக் கண்டால் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, சொல்ல மனம் கஷ்டப்படும் காரணம். நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று முரடாகிவிட்டால், பாயில் மூத்திரம் போகத் தொடங்கினால், களவெடுத்தால், மிருகங்களை வதைத்தால், அதற்குள் துக்கமோ பயமோ இருக்கிறது. தாய் வெளிநாட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கலாம். இரவில் தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரோ தொடக்கூடாத இடத்தில் தொட்டிருக்கலாம். இதற்கு ஏ.டி.எச்.டி. மருந்து வேலை செய்யாது. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடியும் கோடாங்கியும்

அடித்தால் ஏன் திருந்தவில்லை என்று கேட்கிறீர்கள். பிள்ளை காலையில் செய்த குழப்படிக்கு, மலையிலிருந்து பின்னேரம் வந்து அடிக்கிறோம். அடி ஞாபகம் இருக்கும், எதற்கு என்பது ஞாபகம் இருக்காது. யோசித்துச் செய்த தப்பாக இருந்தால் அடுத்த முறை யோசித்து நிறுத்தலாம். இவன் கை யோசனைக்கு முந்திப் போகிறது. அடி கூடக்கூட இவன் கற்றுக்கொள்வது இரண்டுதான்: பொய் சொல்லவும், தன்னைவிடச் சின்னவனை அடிக்கவும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை மூலம் அறிவித்திருக்கிறது என்பதையும் தெரிந்து வையுங்கள்.

கோயிலில் நூல் கட்டினால் மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேய் ஓட்டுகிறோம் என்று மிளகாய்ப் புகை காட்டுவதும் வேப்பங்குழையால் விளாசுவதும் பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. நூலைக் கட்டிவிட்டு கிளினிக்குக்கும் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

பீலிக்கரையில் நின்றுகொண்டு, "டேய், மூஞ்சி கழுவி, உடுப்பு மாத்தி, கொப்பிய எடுத்துவச்சி, தங்கச்சிக்குச் சாப்பாடு குடு" என்று கத்துகிறோம். நாலு வேலை, தூரத்துக் குரல். இந்தப் பிள்ளைக்கு முதல் வேலைகூடப் போய்ச் சேராது. கிட்டப் போங்கள். பேரைச் சொல்லித் தோளில் கை வையுங்கள். முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "என்ன சொன்னேன், சொல்லு?" என்று திருப்பிச் சொல்ல வையுங்கள். அது முடிந்த பிறகு அடுத்தது. பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பீர்கள். அதனால்தான் உடுப்பு, கொப்பி, பை எல்லாவற்றையும் இரவிலேயே ஒரே ஆணியில், ஒரே மூலையில் வைக்கப் பழக்குங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே ஒழுங்கு. இந்தப் பிள்ளைக்குப் பழக்கம்தான் ஞாபகம்.

நல்லது செய்தால் அந்த நிமிஷத்திலேயே சொல்லுங்கள். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "பத்து நிமிஷம் எழும்பாம எழுதினியே, நல்லாருக்கு" என்று செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரு பாட்டி எனக்குச் சொன்ன முறையை இங்கே எழுதுகிறேன். கடையில் கொடுத்த கலண்டரில், பேரன் சொன்னதை ஒரே தடவையில் செய்தால் அன்றைய தேதியில் பென்சிலால் ஒரு கோடு போடுவாராம். மூன்று கோடு சேர்ந்தால் அன்று இரவு கதை. பத்துச் சேர்ந்தால் சம்பளத்தன்று டவுனுக்குத் தகப்பனோடு போகலாம். போட்ட கோட்டை எந்தக் கோபத்திலும் அழிக்க மாட்டாராம். புத்தகம் படித்த டொக்டர்மாரும் இதே முறையைத்தான் சொல்கிறார்கள். பரிசு சீக்கிரம் கிடைக்க வேண்டும். "சாதாரண தரம் பாஸ் பண்ணினா சைக்கிள்" என்பது இவனுக்கு அடுத்த ஜென்மம் மாதிரி.

சின்னக் குழப்படியைக் காணாதது போல விடுங்கள். கால் ஆட்டுவது, முணுமுணுப்பது, நின்றுகொண்டு சாப்பிடுவது எல்லாவற்றுக்கும் கத்தினால், பெரிய விஷயத்துக்குக் கத்தும்போது அவன் காதில் விழாது. அடிப்பது, எறிவது, நெருப்போடு விளையாடுவது என்றால் உடனே நிறுத்துங்கள். ஒரு மூலையில் தனியே உட்கார வையுங்கள், வயதுக்கு ஒரு நிமிஷம் போதும். 6 வயது என்றால் 6 நிமிஷம். பிறகு அந்தக் கதையை விட்டுவிடணும். இரவு வரை இழுக்க வேண்டாம். தகப்பன் மூலையில் வைக்க, பாட்டி தூக்கிக் கொஞ்ச, என்று ஆளுக்கு ஒரு சட்டம் இருந்தால் ஒன்றும் நடக்காது.

படிக்க இடம் எங்கே? ஒரு காம்பராவில் ஆறு பேர், டிவி, பக்கத்துக் காம்பராச் சத்தம். தெரியாமல் சொல்லவில்லை. இஸ்தோப்பில் சுவரைப் பார்த்து உட்கார வைக்கலாம். அந்த அரை மணித்தியாலம் டிவியை நிறுத்தலாம். பத்து நிமிஷம் எழுத்து, எழும்பிப் போய் ஒரு வாளி தண்ணீர், திரும்பப் பத்து நிமிஷம். துடிப்பை அடக்குவதைவிட அதற்கு வேலை கொடுப்பது லேசு. விறகு, தோட்டத்துக் கீரை, ஆட்டுக்குக் குழை, எதுவானாலும் கொடுங்கள்.

ஆபத்தையும் சொல்லவேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட விபத்து அதிகம். எரியும் அடுப்பு, ஆற்றோரம், லொறி வரும் வளைவு எல்லாம் கவனம். குளவிக்கூட்டைக் கண்டால் முதல் கல் எறிவது பெரும்பாலும் இவன்தான். கூடு உள்ள மரத்தை முன்கூட்டியே காட்டி, அந்தப் பாதையால் போகாமல் வேறு பாதையைப் பழக்குங்கள்.

பாடசாலையும் கிளினிக்கும்

ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கையில் ஒரு சின்னக் கொப்பியோடு போங்கள். "சேர், முன் வரிசையில, யன்னலுக்குத் தள்ளி உக்கார வைங்க. இடையில கரும்பலகை துடைக்க, இடாப்பு கொண்டுபோக இவன அனுப்புங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து ஐந்தாகக் கொடுத்தால் முடிப்பான். அந்தச் சின்னக் கொப்பியில் வாரத்துக்கு இரண்டு வரி ஆசிரியர் எழுதட்டும், நீங்களும் எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்கு மூத்த பிள்ளையோ நானோ எழுதித் தரலாம்.

கிளினிக்குக்கு முதலில் தோட்ட வைத்திய உதவியாளரையோ மருத்துவமாதையோ பார்த்துக் கடிதம் வாங்குங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். மனநல கிளினிக் என்றதும் "பைத்தியம்னு சொல்லிருவாங்க" என்று பயப்பட வேண்டாம். கண்ணுக்குக் கண் கிளினிக் மாதிரிதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வெறுங்கையோடு போய் இரண்டாவது தடவை அலையாமல், முதல் தடவையே எல்லாவற்றையும் கொண்டு போகச் சொல்கிறேன். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. முன்கூட்டி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதலில் மருந்து கொடுப்பதில்லை; பெற்றோருக்குத்தான் பழக்கும் முறை சொல்லிக்கொடுப்பார்கள். பெரிய பிள்ளைக்கு, தேவையென்றால், மெதைல்பெனிடேட் என்ற மருந்தை வைத்தியர் எழுதலாம். இது மயக்கித் தூங்க வைக்கும் மருந்து இல்லை. மூளையின் முன்பக்கத்தை வேலை செய்ய வைக்கும் மருந்து. பசி குறையலாம், தூக்கம் பிந்தலாம். அதனால் காலையில் சாப்பாட்டோடு கொடுத்து, இரவில் நன்றாகச் சாப்பிட வையுங்கள். ஒவ்வொரு கிளினிக்குக்கும் நிறை, உயரம் பார்க்க வேண்டும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அடுத்த காம்பராப் பிள்ளைக்குப் பங்கு போட்டுக் கொடுக்கவே கூடாது.

கொண்டு போக வேண்டியவை: பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேடு (பிறப்பு நிறை அதில் இருக்கும்), பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, ஆசிரியர் எழுதிய இரண்டு வரி, பிறகு நீங்கள் இரண்டு கிழமை எழுதிய குறிப்பு. குறிப்பு எழுதுவது கஷ்டமில்லை. "குழப்படி செய்தான்" என்று எழுதினால் வைத்தியருக்கு உதவாது. என்ன நேரம், முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய், பின்னேரம் 5 மணி. எழுத உக்கார வைத்தேன். 4 நிமிஷத்தில் எழும்பிவிட்டான். பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. கூப்பிட்டேன், வரவில்லை. கிட்டப் போய்த் தோளில் தொட்டேன், வந்தான். இன்னும் 6 நிமிஷம் எழுதினான்."

எழுதிய கொப்பியைச் சம்பளத்தன்று என்னிடம் கொண்டு வந்தால், கடிதத்தையும் சேர்த்துக் கிளினிக் தேதியைப் பார்த்துச் சொல்கிறேன்.